ஆறில் ஐந்தும் நாலில் மூன்றும்

ஸ்டுபேனி என்ற மலைக்கிராமத்தின் பள்ளியில் வெளியாள் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியை கேள்வி கேட்டால், எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்குவார்கள். தெரியாதவர்கள் இடது கையை. ஆசிரியை வலது கைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். 'தெரியாது' என்ற சொல் வெளியாளின் காதில் விழக்கூடாது.

இந்த விதியை யாரும் எழுதி வைத்ததில்லை. எந்த ஆசிரியையும் வாய்திறந்து கற்பித்ததுமில்லை. முதல் வகுப்பில் சேரும் குழந்தை பக்கத்தில் இருப்பவரின் முழங்கை இடியிலிருந்து அதைக் கற்றுக்கொள்ளும். அதைப் பற்றிப் பேசாமலிருப்பதும் விதியின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஊரின் பெரியவர்களும் இதே பள்ளியில் படித்தவர்கள். மேய்ச்சல் நிலம் பற்றிய கூட்டத்தில் மாவட்ட அதிகாரி "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்கையில், தலையாட்டுகிற ஆண்களில் சிலருடைய இடது தோள் தன்னையறியாமல் லேசாக உயர்வதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் கவனிக்கலாம்.

அந்த மே மாதக் காலையில் கடைசி பெஞ்சில் உட்காரப்போகிறவர் இன்ஸ்பெக்டர் டோன்ச்சா. நாலாம் வகுப்பு ஆசிரியை ஸெனோவியாவின் ஒரு பாடவேளையை அவர் பார்த்துப் போடும் மதிப்பெண்ணில்தான் அவளுடைய வேலை நிரந்தரமாகுமா என்பது இருந்தது. அவள் நெடுநாளாகத் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு செப்டம்பரிலும் வேறொரு ஊர், வேறொரு வாடகை அறை, பாதியில் விட்டுப்போன யாரோ ஒருவரின் வகுப்பு. ஸ்டுபேனிக்கு வந்த பிறகுதான் அவள் முதன்முறையாக சன்னலுக்குத் திரைச்சீலை தைத்தாள். அவளுடைய மகள் பக்கத்து அறையில் மழலை வகுப்பில் இருந்தாள், அன்று காலை ஷூ மாட்டிவிடும்போது அந்தக் குழந்தை கேட்டிருந்தது: "இந்தத் திரையையும் கழட்டிடுவோமாம்மா?"

ஒரு வாரம் முன்பே பாடத்தைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பின்னங்களை ஒப்பிடுதலும் வரிசைப்படுத்துதலும் என்று வந்தது. ஸெனோவியாவுக்கு நிம்மதி. அவள் நன்றாக நடத்துகிற பாடம் அது. கிண்ணம் ஒன்றைக் காகிதத்தின்மேல் கவிழ்த்துச் சுற்றிவரக் கோடு போட்டு வட்டங்களை வெட்டியிருந்தாள். அவற்றை மடித்து, கிழித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எது பெரியது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி வாரம் முழுவதும் பயிற்சி கொடுத்திருந்தாள். எல்லா வட்டங்களும் ஒரே கிண்ணத்திலிருந்து பிறந்தவை. முழு வட்டங்கள் சமமாக இருந்ததால், முழுமையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை யாருக்கும் எழவில்லை.

ஒருத்திக்கு எழுந்தது. சவேதா என்ற பெண், சன்னலோர பெஞ்சுக்காரி, ஒத்திகையின் நடுவே கேட்டாள்:

"டீச்சர், பெரிய வட்டத்துல பாதியும் சின்ன வட்டத்துல பாதியும் ஒண்ணா?"

"நம்மகிட்ட சின்ன வட்டம் எங்கடி இருக்கு? எல்லாம் ஒண்ணுதானே. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சவேதா தன் கையிலிருந்த வட்டத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்கு இடது கையைத் தூக்கினாள். அன்றிலிருந்து அவள் இடது கையையே தூக்கிக்கொண்டிருந்தாள். பாடத்தில் அவள் பின்தங்கிவிட்டாள் என்று ஸெனோவியா எண்ணிக்கொண்டாள்.

வட்டங்களுக்குத் தடை போட்டவர் தலைமையாசிரியை லுக்ரெட்சியா. முந்தின நாள் பள்ளி முடிந்ததும் ஸெனோவியாவை வராந்தாவில் நிறுத்தினார்.

"காகித வட்டமா? இந்த வருஷம் அந்த ஆளு பார்த்த காகித வட்டத்தையெல்லாம் அடுக்கினா நம்ம மலை உசரம் வரும்மா. களி கிண்டச் சொல்லு. பலகையில கவுத்து, நூலால அறு. நம்ம ஊரு சாப்பாடு, பிள்ளைங்க தெனம் பார்க்கிறது. அவருக்கும் அறிக்கையில எழுத ஒரு வரி கெடைக்கும்."

"ரெண்டு களி வேணுமே மேடம். ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடணும்."

"பள்ளிக்கூடத்துல ஒரு சட்டி இருக்கு. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. கொடுத்தனுப்பறேன். உனக்கு இந்த வேலை கெடைக்கணும்னு உன்னைவிட எனக்குத்தான் அவசரம். வருஷத்துக்கு ஒரு புது டீச்சருக்கு ரொட்டிக்கடை எங்கேன்னு காட்டி அலுத்துப்போச்சு."

சோளக்களியைக் கத்தி தொடுவதில்லை. சட்டியிலிருந்து மரப்பலகையில் கவிழ்த்து, துணி மூடி, சற்று இறுகவிட்டு, பின்பு நூலை அடியில் நுழைத்து மேலே இழுப்பார்கள். துண்டு சுத்தமாகப் பிரியும். பள்ளிச் சமையற்காரி திங்கா இரண்டு சட்டிகளிலும் பாடவேளைக்குச் சற்றுமுன் கிண்டி, இரண்டு பலகைகளில் கவிழ்த்து, வெள்ளைத் துணி மூடி வகுப்பறை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஸெனோவியா ஒரு துணியின் முனையைத் தூக்கப் போனபோது வாசலிலிருந்து திங்காவின் குரல் அதட்டியது.

"தொடாதேம்மா! காத்துப் பட்டா மேல்தோலு வெடிச்சிடும். அறுக்கிற நேரம்தான் துணி எடுக்கணும், உங்கம்மா சொல்லிக் கொடுக்கலையா?"

"பார்க்கலாமேன்னுதான், திங்கா அக்கா."

"களியைப் பார்க்க என்ன இருக்கு? பொண்ணா, பார்த்துட்டு முடிவு பண்ண?"

ஸெனோவியா கையை எடுத்துக்கொண்டாள். வராந்தாவில் இன்ஸ்பெக்டரின் காலடியோசை கேட்டது.

டோன்ச்சா கனத்த உடம்புக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். தொப்பியைக் கழற்றி பெஞ்சின்மேல் மல்லாக்க வைத்தார். தலைமையாசிரியை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறக்காமல் காகிதத்தின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, தொடங்கலாம் என்பதுபோல் தலையசைத்தார்.

"ஏழில் இரண்டு, ஏழில் ஐந்து. எது பெரிசு?"

வகுப்பு முழுவதும் கைகள் எழுந்தன. பழக்கப்பட்ட கண்ணுக்கு அது ஒரு வரைபடம்: எங்கும் வலது கைகளின் அடர்த்தி, சுவரோரம் இரண்டு மூன்று இடது கைகள், சன்னலோரம் சவேதாவின் இடது கை. ஸெனோவியா ஒரு வலது கையைக் கூப்பிட்டாள். விடை சரியாக வந்தது. துண்டுகளின் அளவு ஒன்றாக இருக்கும்போது எண்ணிக்கையைப் பார்த்தால் போதும் என்று அந்தப் பிள்ளை விளக்கமும் சொன்னது. பேனா அசையவில்லை.

"மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று. எது பெரிசு?"

கைகள் மறுபடி எழுந்தன. ஸெனோவியாவின் பார்வை ஒரு வலது கையில் இறங்கப்போன கணத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் கூப்பிடலாமா டீச்சர்? அந்தத் தம்பி. சுவரோரம். சிவப்பு ஸ்வெட்டர்."

சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தவன் பாம்ஃபில். அவனுடைய இடது கை காற்றில் இருந்தது. தன்னைத்தான் சொல்கிறார் என்பதை அவன் நம்பச் சற்று நேரம் பிடித்தது. அந்தப் பள்ளியில் இடது கையை யாரும் கூப்பிட்டதில்லை.

"அஞ்சுல ஒண்ணு, சார்."

"ஏன்?"

"அஞ்சு பெரிசு. மூணு சின்னது."

தலைமையாசிரியை கைப்பையின் பிடியைத் திருகினார். ஸெனோவியா பாம்ஃபிலின் பக்கம் ஓரடி நகர்ந்தாள். அவனிடம் கேட்டாள்:

"பாம்ஃபில், உங்கம்மா ஒரு களியை மூணு பேருக்குப் பிரிச்சா உனக்கு நிறைய வருமா, அஞ்சு பேருக்குப் பிரிச்சாலா?"

"எங்கப்பா வீட்ல இருந்தா ரெண்டுலயும் எனக்கு வராது, டீச்சர்."

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டரின் உதடும் ஒரு பக்கம் இழுபட்டது.

"அப்பா ஆட்டோட மலைக்குப் போயிட்டார்னு வெச்சுக்கோ," என்றாள் ஸெனோவியா.

"அப்ப மூணு பேருக்குத்தான். ஆளு கொறைஞ்சா துண்டு பெரிசு." சொல்லிவிட்டு பாம்ஃபில் தானே வியந்தவன்போல் நின்றான். "அப்ப மூணுல ஒண்ணு!"

"உட்காருப்பா," என்றார் டோன்ச்சா. பேனாவின் மூடியைத் திறந்து ஏதோ எழுதினார்.

அடுத்த கேள்விக்கும் அவரே கூப்பிட்டார். மறுபடியும் இடது கை. அந்தப் பெண் தடுமாறி, பக்கத்துப் பெஞ்சு முணுமுணுத்ததைப் பிடித்துக்கொண்டு எப்படியோ கரையேறினாள். அதற்கடுத்ததும் இடது கை. அது தற்செயல் இல்லை என்பது ஸெனோவியாவுக்கு விளங்கியது. இந்த மனிதரும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பள்ளியில், கடைசி பெஞ்சு வெளியாளுக்கு முன்னால் கை தூக்கி வளர்ந்தவர்தான். அவருக்கு விதி தெரியும். தெரியும் என்று அவர் சொல்லமாட்டார், சொல்லாமலிருப்பதும் விதி.

பிள்ளைகளுக்கும் விளங்கிவிட்டது. முதல் பெஞ்சிலிருந்த இலாரியோன், வகுப்பின் மிகக் கூர்மையான பையன், வாயைக் கையால் மறைத்துப் பின்பக்கம் திரும்பினான்.

"பீச்சாங்கையாப் பார்த்துக் கூப்பிடறாருடா."

அடுத்த கேள்வி வந்ததும் இலாரியோனின் இடது கை எழுந்தது. அவனைப் பார்த்து, தெரிந்த மற்றவர்களும் இடதுக்கு மாறினார்கள். தெரியாதவர்கள், இனித் தங்களுக்குப் பாதுகாப்பு அங்கேதான் என்று கண்டு, வலது கையைத் தூக்கினார்கள். இரண்டையும் தூக்கிவிட்டு எதை இறக்குவது என்று தெரியாமல் விழித்தவர்களும் உண்டு. தலைமுறைகளாகச் செல்லுபடியாகிவந்த நாணயம் ஒரே கணத்தில் மதிப்பிழந்ததுபோல் இருந்தது. ஸெனோவியா அந்தக் கைகளை வாசிக்க முயன்று தோற்றாள். எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, பொருள் கழன்றுபோயிருந்தது.

"இனிமே டீச்சரே கூப்பிடட்டும்," என்றார் டோன்ச்சா மென்மையாக. அந்த மென்மை அவளை இன்னும் பயமுறுத்தியது.

யாரைக் கூப்பிட்டாலும் பொறியாக இருக்கக்கூடும். கேள்வியை நிறுத்திவிட்டுக் களிக்குப் போய்விடுவதே வழி என்று தோன்றியது. மேசைக்குப் போனாள்.

"இப்போ கையால செஞ்சு பார்க்கிறோம். இங்கே ரெண்டு களி இருக்கு. ஒண்ணை நாலாப் பிரிப்போம், இன்னொண்ணை ஆறா."

இரண்டு துணிகளையும் ஒருசேர இழுத்தாள்.

ஆவி எழுந்து கலைந்தது. இடப்பக்கப் பலகையில் இருந்தது தலைமையாசிரியை வீட்டுச் சட்டியில் வெந்த களி: அகன்று, தாழ்ந்து, பலகையின் விளிம்புவரை பரந்திருந்தது. வலப்பக்கத்தில் பள்ளிச் சட்டியின் களி: குறுகிய வட்டம், ஆனால் நெடுநெடுவென்று உயரம். ஒரே நெருப்பில் வெந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவைபோல் உட்கார்ந்திருந்தன.

ஸெனோவியாவின் விரல்கள் துணியை விடவில்லை. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையும் பார்த்துவிட்டார். அவருடைய முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு கட்டளை. கண்ணாலேயே சொன்னார்: நிறுத்தாதே, போ. காகித வட்டங்கள் மேசையின் இழுப்பறையில் இருந்தன. இப்போது அவற்றை எடுத்தால் ஏன் எடுத்தாள் என்று சொல்ல வேண்டிவரும். தவறு நடந்துவிட்டது என்று வெளியாளுக்கு முன்னால் ஒப்புக்கொள்வதும் 'தெரியாது' என்பதன் இன்னொரு உருவம்தான்.

"டீச்சர்," என்றது சன்னலோரக் குரல். சவேதா பாதி எழுந்திருந்தாள். "ரெண்டு களியும்..."

"கேட்டா மட்டும் பேசணும், சவேதா."

சவேதா உட்கார்ந்தாள்.

ஸெனோவியா நூலை எடுத்தாள். அகன்ற களியின் அடியில் நுழைத்து மேலே இழுத்தாள், அது இரண்டாயிற்று. குறுக்கே மீண்டும் இழுக்க, நான்கு. ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். பலகையில் நாலில் மூன்று எஞ்சியது. நெடிய களியை ஆறாக்கினாள். அதிலும் ஒரு துண்டைத் தட்டுக்கு மாற்றினாள். ஆறில் ஐந்து எஞ்சியது. அவளுடைய கை தவறவில்லை. எல்லாத் துண்டுகளும் அந்தந்தக் களிக்குள் சமமாகவே இருந்தன. அந்தத் துல்லியம் அவளுக்கே ஓர் ஏளனமாகத் தோன்றியது.

"நாலில் மூன்று, ஆறில் ஐந்து. எது பெரிசு? இலாரியோன்."

இரண்டு பின்னங்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவன் கையைப் பார்க்காமல் கூப்பிட்டாள். இலாரியோன் எழுந்து, வாரம் முழுவதும் பழகியதை ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"ரெண்டுலயும் ஒரு துண்டு கொறையுது டீச்சர். ஒண்ணு கொறையறதால ரெண்டும் சமம்னு சொல்லிடக் கூடாது. நாலுல ஒண்ணு பெரிய துண்டு, ஆறுல ஒண்ணு சின்ன துண்டு. சின்ன துண்டு கொறைஞ்சதுலதான் மிச்சம் நெறைய இருக்கும். அதனால ஆறுல அஞ்சுதான் பெரிசு."

தலைமையாசிரியை மூச்சை விட்டார். ஸெனோவியா 'நல்லது' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அருமை," என்றார் டோன்ச்சா. எழுந்து, வரிசைகளுக்கு நடுவே நடந்து மேசையருகே வந்தார். "காலையில சாப்பிட்டியா தம்பி?"

"கொஞ்சம், சார்."

"அப்ப இதுல ஒரு பலகை உனக்கு. எது அதிகமோ அதை எடுத்துக்கோ."

இலாரியோன் மேசையை நெருங்கினான். இரண்டு பலகைகளையும் பார்த்தான். தலையைச் சாய்த்தும் குனிந்தும் பார்த்தான். பிறகு, யோசனை முடிவதற்குள் கை முந்திக்கொண்டதுபோல், அகன்ற களி இருந்த பலகையின் விளிம்பைப் பிடித்தான்.

வகுப்பில் சிரிப்பு வெடித்தது.

"டேய், அது நாலுல மூணுடா!"

"சத்தம் போடாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏன் இதை எடுத்தே?"

"இதுதான் சார் நெறைய இருக்கு."

"இப்பத்தானே ஆறுல அஞ்சு பெரிசுன்னே?"

"அது கரும்பலகையில சார்," என்றான் இலாரியோன். "இது மரப்பலகை."

யாரும் சிரிக்கவில்லை. பாம்ஃபில் மட்டும் சுவரோரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடா? அது அப்பளம் மாதிரி தட்டையாக் கெடக்கு. உசரத்தைப் பாரு. அந்தப் பக்கம்தான் நெறைய."

"அகலத்தைப் பாருடா நீ!"

"ஆட்டுக்கு உசரம் பார்ப்பியா, அகலம் பார்ப்பியா?"

"எடையத்தான் பார்ப்பாங்க, முட்டாள்!"

ஒரு நொடியில் வகுப்பு இரண்டாகப் பிளந்தது. டோன்ச்சா கையுயர்த்தினார். அமைதி திரும்பியது.

"சரி. எல்லாரும் பார்த்தாச்சு. இப்போ சொல்லுங்க. இந்த மேசைமேல எது அதிகம்?"

கைகள் எழுந்தன. முதலில் பாம்ஃபில், பிறகு முதல் பெஞ்சு, நடு வரிசை, சுவரோரம். பலகையைப் பிடித்திருந்த கையை விடாமல் இலாரியோனும் மற்ற கையைத் தூக்கினான். எல்லாமே இடது கைகள். இன்ஸ்பெக்டரின் பொறியை அவர்கள் மறந்துவிட்டிருந்தார்கள். பழைய விதி தானாகவே திரும்பிவந்திருந்தது. தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தப் பள்ளியில் இதற்குமுன் இப்படி நிகழ்ந்திருக்கமுடியாது, ஏனெனில் இப்படி நிகழ இடம்கொடுக்கும் கேள்வியை எந்த ஆசிரியையும் வெளியாளுக்கு முன்னால் கேட்டிருக்கமாட்டாள்.

கூப்பிட ஒரு வலது கைகூட இல்லை. ஸெனோவியா அந்த இடது கைகளின் நடுவே சவேதாவைத் தேடினாள். சவேதா மட்டும் எந்தக் கையையும் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய வட்டத்துல பாதியும் சின்ன வட்டத்துல பாதியும் ஒண்ணா? வாரத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்ட கேள்வி அது. இந்த அறையில் இருந்த எல்லாருக்கும் முன்னதாக, மேசையில் களியே இல்லாதபோது, அந்தப் பெண் இந்த இடத்துக்கு வந்து காத்திருந்தாள்.

"சார், பிள்ளைங்களுக்குப் பசி," என்று கடைசி பெஞ்சிலிருந்து தலைமையாசிரியை எழுந்தார். "களியைப் பார்த்தா யாருக்குக் கணக்கு ஓடும்? கீழே திங்கா வெண்ணெயும் ஆட்டுப்பாலாடைக்கட்டியும் எடுத்து வெச்சிருக்கா. உங்களுக்குப் புடிச்ச மாதிரி, புளிச்ச பாலாடையும் இருக்கு."

டோன்ச்சா இடது கைகளை நிதானமாக ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருடைய முகத்தில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. தான் தொடங்கிய விளையாட்டு எங்கே வந்து நிற்கிறது என்பதைக் கண்டுகொண்ட ஒருவரின் களைப்பு. குரலைத் தாழ்த்தி, ஸெனோவியாவுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"டீச்சர், நல்லாத்தான் போச்சு பாடம். எனக்கு எழுத வேண்டியது எழுதியாச்சு. கரும்பலகையில இருக்கிறதையே முடிவாச் சொல்லிடுங்க, முடிச்சுக்கலாம். ஆறுல அஞ்சு. அவ்வளவுதான்."

ஆறுல அஞ்சு. இரண்டு சொற்கள். பொய்யும் இல்லை, கரும்பலகையில் அது உண்மை. அதைச் சொன்னால் கைகள் இறங்கும், பாடம் முடியும், செப்டம்பர் வரும், திரைச்சீலை சன்னலிலேயே இருக்கும். இன்ஸ்பெக்டர் விதியை மதித்து ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நடந்து போனால் போதும். தலைமையாசிரியை ஏற்கெனவே தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஸெனோவியா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பிள்ளைங்களா..." என்று தொடங்கினாள்.

அப்போது இலாரியோனின் கையைக் கண்டாள். இன்ஸ்பெக்டர் தாழ்த்திச் சொன்னது மேசையருகே நின்ற அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அகன்ற பலகையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அவன் அந்தப் பலகையை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதில் அதிகம் இருக்கிறது என்று அவனுடைய கண் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கை மெல்ல நகர்ந்து, ஆசிரியை எதைப் பெரியது என்று சொல்லப்போகிறாளோ அந்த நெடிய களியின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வகுப்பின் மிகக் கூர்மையான பையன் தன் கண்ணைக் கைவிடக் கற்றுக்கொண்டிருந்தான். அவளிடமிருந்து, அவளுடைய மிகச் சிறந்த பாடவேளையில்.

"எடுக்காதே, இலாரியோன்," என்றாள்.

கை நின்றது.

"டீச்சர்?" என்றார் டோன்ச்சா.

ஸெனோவியா பக்கவாட்டில் தொங்கிய தன் கையை உயர்த்தினாள். தோளுக்கு மேல், தலைக்கு மேல், பிள்ளைகள் தூக்குவதுபோல் முழங்கை நேராக. இடது கை. முதல் பெஞ்சில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். தலைமையாசிரியையின் பை தோளிலிருந்து நழுவி பெஞ்சில் விழுந்தது.

"எனக்குத் தெரியாது, சார்."

அந்தச் சொல் அறையின் நடுவே கேட்டது. கரும்பலகையும் சன்னலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"வேணாம் ஸெனோவியா," என்றார் தலைமையாசிரியை.

"ரெண்டும் ஒரே களியா இருந்தா ஆறுல அஞ்சுன்னு சொல்லிடுவேன். இது ரெண்டும் ஒரே களி இல்ல. எந்தக் களியில நாலுல மூணு, எந்தக் களியில ஆறுல அஞ்சுன்னு சொல்லாம எது பெரிசுன்னு கேக்க முடியாது. துணியை எடுத்தப்பவே பார்த்தேன்; பார்த்துட்டுச் சொல்லாம அறுத்தேன். சவேதா இந்த வாரத் தொடக்கத்துலயே கேட்டா. அவளை உட்காரச் சொல்லிட்டேன்." உயர்த்திய கையை இறக்காமலே சன்னல் பக்கம் திரும்பினாள். "சவேதா, எழுந்திரும்மா. உன் கேள்வியை சாருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவை கேளு."

சவேதா எழுந்தாள். டோன்ச்சா அவளைப் பார்க்கவில்லை. ஆசிரியையின் உயர்ந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்க்காததுபோல் இருந்துவிட அவருக்கு இன்னும் வாய்ப்பிருந்தது. அதை ஸெனோவியா அவருக்கு விட்டுவைக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாததில்ல சார். இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிடறேன், பிள்ளைங்களும் கேக்கட்டும்," என்றாள். "எங்க பள்ளிக்கூடத்துல இடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தம்."